அவரைக் காப்பாற்றிக் காட்டாததற்கு நன்றி
‘பார்ன் டு பி ப்ளூ’ படக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இயக்குநர் ராபர்ட் பூட்ரோ அவர்களுக்கும், ஈதன் ஹாக், கார்மென் எஜோகோ, டேவிட் பிரெய்ட், கெவின் டர்காட் உள்ளிட்ட படக்குழுவினர் அனைவருக்கும்,



உங்கள் படம் 2015 செப்டம்பரில் டொராண்டோ திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. பெரிய ஸ்டுடியோ எதுவும் பின்னால் இல்லாத, கனடாவும் பிரிட்டனும் சேர்ந்து எடுத்த சிறிய படம். எங்கள் ஊர்த் திரையரங்குகள் பக்கமே அது வரவில்லை. ஜாஸ் இசையோடு பெரிய பழக்கம் இல்லாத வீட்டில்தான் நான் அதைப் பார்த்தேன். ஆனாலும் இத்தனை ஆண்டு கழித்துத் தமிழ்நாட்டிலிருந்து உங்களுக்கு நன்றி சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. போதையில் விழுந்த ஒரு கலைஞனின் கதையை எடுப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் இரண்டு பொய்களையும் நீங்கள் சொல்லவில்லை. போதைதான் அவனுக்குக் கலையைக் கொடுத்தது என்பது முதல் பொய். ஒரு பெண்ணின் அன்பு போதும், அவன் மீண்டுவிடுவான் என்பது இரண்டாவது. இரண்டையும் தவிர்த்துவிட்டு ஒரு வாழ்க்கைக் கதையைப் பார்க்கத் தகுந்த படமாக எடுப்பது லேசான வேலை கிடையாது. நீங்கள் எடுத்திருக்கிறீர்கள்.

இந்த மடலைப் படிக்கும் தமிழ் வாசகர்களில் பலருக்கு, உங்கள் படத்தின் நாயகனான ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் செட் பேக்கர் யாரென்று தெரியாமல் இருக்கலாம். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

1929 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் யேல் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா கிட்டார் வாசித்தவர். வயிற்றுப்பாட்டுக்காக அதை விட்டவர். பையனுக்கு முதலில் ட்ராம்போன் வாங்கிக் கொடுத்தார். அது கைக்கு அடங்காத அளவு பெரிதாக இருந்ததால் ட்ரம்பெட் வந்தது. ராணுவத்தில் சேர்ந்து பெர்லினில் ராணுவ இசைக்குழுவில் வாசித்தார். 1952-ல் மேற்குக் கரைக்கு வந்த சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர் தன்னுடன் வாசிக்க இவரைச் சேர்த்துக்கொண்டார். அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸில் ‘தி ஹேக்’ என்ற சிறிய விடுதியில் சாக்ஸபோன் கலைஞர் ஜெரி மல்லிகனுடன் சேர்ந்து, பியானோவே இல்லாத நால்வர் குழுவில் வாசித்து நாடறிந்தவரானார். 1954-ல் ‘செட் பேக்கர் சிங்ஸ்’ வெளிவந்தபோது அவருக்கு 24 வயது. குரலை உயர்த்தாமல், காதோரமாகப் பேசுவது மாதிரிப் பாடினார். சினிமா நடிகருக்குரிய முகம் வேறு. எல்லாம் கூடிவந்த காலம் அது.

அப்புறம் ஹெராயின். 1960-ல் இத்தாலியின் லூக்கா நகரில் கைதாகி ஓராண்டுக்கும் மேல் சிறையில் இருந்தார். ஜெர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வெளியேற்றப்பட்டார். 1966-ல் சான் பிரான்சிஸ்கோ பக்கம் சிலர் அவரை அடித்துப் போட்டதில் வாயில் பலத்த காயம். ஏற்கெனவே கெட்டுப்போயிருந்த பற்கள் கடைசியில் எல்லாமே போய்ப் பொய்ப்பல் கட்டிக்கொண்டார். உங்கள் படம் கையில் எடுப்பது இந்தக் காலத்தைத்தான்.

பிறப்பிலிருந்து இறப்பு வரை வரிசையாகச் சொல்லாமல், விழுந்தவர் எழுந்து நிற்கப் பார்த்த ஒரு சில ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டீர்களே, அதற்கு முதல் நன்றி. 1960-களில் பேக்கரின் வாழ்க்கையை அவரையே நடிக்கவைத்துப் படமாக்க டினோ டி லாரென்டிஸ் என்ற தயாரிப்பாளர் எண்ணியதுண்டு. நடக்காமல் போன அந்தப் படம் உண்மையிலேயே தொடங்கியிருந்தால் என்று நீங்கள் கற்பனை செய்தீர்கள். படத்துக்குள் எடுக்கப்படும் படம் கறுப்பு வெள்ளையில் வருகிறது. அதில் 1954-ன் இளம் பேக்கர், நியூயார்க்கின் பேர்ட்லேண்ட் மேடை, முன்வரிசையில் ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ், ரசிகைகள், முதல் ஊசி. ஜாஸ் கலைஞர்களின் புகைப்படங்களில் நாம் பார்த்து மயங்கிய அத்தனையும் அந்தக் கறுப்பு வெள்ளையில் இருக்கின்றன. வண்ணத்தில் வருவது 1966: உடைந்த வாய், பெட்ரோல் பங்க் வேலை, நன்னடத்தை அதிகாரியின் கண்காணிப்பு. போதையின் கவர்ச்சியெல்லாம் சினிமாவுக்குள் சினிமாவாகத் தங்கிவிடுகிறது. அதன் விலை மட்டும் நிஜ நிறத்தில் வருகிறது. இந்த ஏற்பாட்டுக்காகவே படத்தை இரண்டாம் முறை பார்த்தேன்.

இயக்குநரே, நீங்கள் இந்த மனிதரைப் பல காலம் மனதில் சுமந்திருக்கிறீர்கள் என்பதும் தெரிகிறது. 2009-லேயே அவருடைய மரணத்தை வைத்து ஒரு குறும்படம் எடுத்தீர்கள். அதில் பேக்கராக நடித்த ஸ்டீபன் மெக்ஹாட்டியை இந்தப் படத்தில் பேக்கரின் அப்பாவாக்கினீர்கள். ஈதன் ஹாக்கும் வெகுகாலம் முன்பே இயக்குநர் ரிச்சர்ட் லிங்க்லேட்டருடன் சேர்ந்து இளம் பேக்கரைப் பற்றி ஒரு படம் எடுக்க ஆசைப்பட்டு, அது கைகூடாமல் போனவர். இளைஞராக நடிக்க நினைத்தவர் நாற்பதுகளில் வந்து, அடிபட்ட பேக்கராக நடித்தார். அந்தக் காத்திருப்பு வீணாகவில்லை.

ஒரு காட்சியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வாய் இன்னும் ஆறாத நிலையில் பேக்கர் குளியல் தொட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு ட்ரம்பெட்டை உதட்டில் வைக்கிறார். ஊதுகிறார். ஸ்வரம் வரவில்லை, காற்றுதான் வருகிறது. மீண்டும் ஊதுகிறார். ரத்தம் வழிகிறது. நிறுத்தவில்லை.

காற்று வாத்தியக்காரர்களுக்கு அந்தக் காட்சி ஒரு சித்திரவதை. ட்ரம்பெட்டில் சீவாளி கிடையாது. வாசிப்பவரின் உதடுகளே சீவாளி. இரண்டு உதடும் இறுகிச் சேர்ந்து, நடுவில் காற்று போகும்போது அதிர்கின்றன. உலோக வாய்க்குப்பி உதட்டின் மேல் அழுந்தும். அந்த அழுத்தத்தைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடிப்பவை முன்பற்கள். பற்கள் போனால் உதட்டுக்கு முட்டு இல்லை. சிறுவயது முதல் உதடும் நாக்கும் தாடையும் சேர்ந்து பழகிவைத்த பிடி மொத்தமும் போய்விடும். பொய்ப்பல்லோடு வாசிக்க வேண்டுமென்றால் அந்தப் பிடியைப் புதிதாக உண்டாக்க வேண்டும். முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும். உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய பிறகு, முப்பத்தைந்து வயதுக்கு மேல், உண்மையான செட் பேக்கர் அதைச் செய்தார். அந்தக் காலத்தில் பிழைப்புக்குப் பெட்ரோல் பங்கில் வேலை பார்த்தார்.

கெவின் டர்காட் அவர்களே, படத்தில் ட்ரம்பெட்டின் குரல் உங்களுடையது. பேக்கரின் அசல் பதிவுகளை எடுத்து ஒட்டாமல், புதிதாக வாசித்துச் சேர்த்தீர்கள். பேர்ட்லேண்டில் மிதக்கும் ஸ்வரத்தைப் போலவே, பீட்சா கடையின் மூலையில் உள்ளூர்க் குழுவோடு தட்டுத் தடுமாறும் ஸ்வரத்துக்கும் நீங்கள் மரியாதை கொடுத்தீர்கள். ஒரு வித்துவான் தேறிவருவது எங்கள் காதுக்கே கேட்டது. டேவிட் பிரெய்ட் அவர்களே, உங்கள் பியானோ அவரை அவசரப்படுத்தாமல் கூடவே நடந்துவந்தது. ஈதன் ஹாக், பாடல்களை நீங்களே பாடினீர்கள். பேக்கரின் குரலை மிமிக்ரி செய்திருந்தால் கைதட்டு கிடைத்திருக்கும். நீங்கள் அவருடைய பயத்தைப் பாடினீர்கள். பற்களை இழந்தவன் வாயைத் திறக்கக் கூச்சப்படுவது உங்கள் பேச்சிலும் சிரிப்பிலும் கடைசி வரை இருந்தது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். படத்தின் முடிவு.

பேக்கர் மெதடோன் எடுத்துக்கொண்டு ஹெராயினை விட்டிருக்கிறார். மெதடோன் என்பது மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கப்படும் மருந்து. ஹெராயினை நிறுத்தினால் வரும் உடல் வேதனையையும் அடங்காத ஏக்கத்தையும் அது தணிக்கும். 1960-களின் நடுவில் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நிஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் அதைத் தொடர் சிகிச்சையாக நிலைநாட்டினார்கள். பேக்கர் திரும்பி வருகிறார். தயாரிப்பாளர் டிக் பாக் முன்னால், இசைத் துறையின் பெரிய மனிதர்கள் கேட்க, ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடி வாசித்துக் காட்டுகிறார். எல்லோரும் அசந்துபோகிறார்கள். பேர்ட்லேண்டில் மீண்டும் மேடை ஏற வாய்ப்பு வருகிறது. ஆனால் அன்றிரவு ஒப்பனை அறையில் அவர் உடைந்துபோகிறார். வெளியே இன்னொரு ட்ரம்பெட் மேதையான டிஸ்ஸி கில்லெஸ்பியும் மைல்ஸ் டேவிஸும் உட்கார்ந்திருக்கிறார்கள். மேசையில் ஹெராயின் இருக்கிறது, மெதடோனும் வந்து சேர்கிறது. ஹெராயின் இருந்தால்தான் ஸ்வரத்துக்குள் புகுந்துகொள்ள முடிகிறது, தன்னம்பிக்கை வருகிறது என்கிறார். அதைத்தான் எடுத்துக்கொள்கிறார். மேடைக்குப் போகிறார். அற்புதமாக வாசிக்கிறார்.

வேறொரு இயக்குநர் அங்கே கேமராவை மேடையிலேயே வைத்திருப்பார். நீங்கள் பேக்கரின் காதலி ஜேன் பக்கம் திருப்பினீர்கள். வர முடியாது என்றிருந்த ஜேன் வந்துவிடுகிறாள். அவர் பாடத் தொடங்கியதும் அவள் முகம் மலர்கிறது. கொஞ்ச நேரத்தில் அந்த மலர்ச்சி அப்படியே வடிகிறது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. அரங்கம் முழுக்க ரசித்துக்கொண்டிருக்கும்போது அவள் மட்டும் எழுந்து போய்விடுகிறாள். கார்மென் எஜோகோ, வசனமே இல்லாத அந்தச் சில நொடிகளில் உங்கள் முகத்தில் நான் பார்த்ததை வேறெந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

அவளுக்கு அது எப்படித் தெரிந்தது என்பது எனக்கு ஏன் இவ்வளவு நன்றாகப் புரிகிறது என்று சொல்லிவிடுகிறேன். என் தம்பி ட்ரம்பெட் வாசிப்பவன். மெல்லிசைக் குழு, கல்யாணக் கச்சேரி, திருவிழா மேடை என்று ஊர் ஊராகப் போனவன். அவனைத் தின்றது மது. குடித்திருக்கிறானா இல்லையா என்று கண்டுபிடிக்க எங்களுக்கு வாசனை தேவைப்பட்டதில்லை. ஃபோனை எடுத்து “அக்கா” என்பான். அந்த ஒரு சொல்லின் இழுப்பிலேயே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அவன் எவ்வளவு தெளிவாகப் பேசினாலும், எவ்வளவு பாசமாகப் பேசினாலும் உள்ளே ஒன்று இறங்கிப்போயிருக்கும். அவன் மேடையில் பிரமாதமாக வாசித்த ராத்திரிகளில் ஊரே விசிலடித்தபோது, அம்மா பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கலைஞர்களின் வாழ்க்கைக் கதைகளில் அம்மாக்களுக்கும் அக்காக்களுக்கும் மனைவிகளுக்கும் கிடைப்பது அழுகைக் காட்சிகள்தான். அவர்களுக்குத் தெரிந்துவிடும் என்ற உண்மையை, அப்படித் தெரிந்துகொள்வது எவ்வளவு தனிமையானது என்பதை, நீங்கள் காட்டினீர்கள். என் அம்மா சார்பிலும் இந்த நன்றி.

உங்கள் முடிவைப் பார்த்துவிட்டுச் சிலர் கேட்கலாம்: ஹெராயின் போட்ட பிறகுதானே அவர் அவ்வளவு நன்றாக வாசித்தார், அப்படியானால் போதை கலைக்கு உதவுகிறது என்றுதானே படம் சொல்கிறது? கவனமாகப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் அனைவரையும் அசத்தியபோது உடம்பில் ஹெராயின் இல்லை. குளியல் தொட்டியில் ரத்தம் ஒழுக உட்கார்ந்து, பெட்ரோல் பங்கில் வேலை பார்த்துக்கொண்டு, பீட்சா கடையில் யாரும் கவனிக்காமல் வாசித்துத் தன் கலையை அங்குலம் அங்குலமாகத் திரும்பப் பெற்றதும் ஹெராயின் இல்லாமல்தான். பேர்ட்லேண்டுக்கு வந்து சேரும் முன்பே இசை அவரிடம் திரும்பிவிட்டது. அன்றிரவு அவரிடம் இல்லாதது தைரியம். மைல்ஸ் டேவிஸின் கண்களைச் சந்திக்கும் பயத்துக்குத்தான் ஹெராயின் தேவைப்பட்டது, ஸ்வரங்களுக்குத் தேவைப்படவில்லை. இதை நீங்கள் வசனமாக எழுதி யார் வாயிலும் வைக்கவில்லை. காட்சிகளின் வரிசையில் வைத்தீர்கள்.

நிஜ வரலாறும் உங்கள் பக்கம்தான் நிற்கிறது. பேக்கர் எப்போது ஹெராயினுக்கு அடிமையானார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அவர் சொன்னது 1957. அவருடன் பியானோ வாசித்த ரஸ் ஃப்ரீமேன், 50-களின் தொடக்கத்திலேயே பழக்கம் வந்துவிட்டது என்கிறார். எப்படிப் பார்த்தாலும் பார்க்கரும் மல்லிகனும் அவரைத் தேடிச் சேர்த்துக்கொண்டது அவருடைய காதுக்காகவும் மூச்சுக்காகவும்தான். போதையால் திறமை வரும் என்றால் டிக் ட்வார்ட்சிக்குக்கு என்ன ஆயிற்று? பேக்கரின் ஐரோப்பியப் பயணத்தில் பியானோ வாசித்த அந்த இளைஞர், 1955 அக்டோபரில் பாரிஸில் ஹெராயின் அளவு மீறி இறந்தார். வயது 24. அதே ஆண்டு மார்ச்சில் சார்லி பார்க்கர் போய்ச் சேர்ந்தார். வயது 34. பார்க்கரைப் போல வாசிக்க வேண்டும் என்பதற்காக அவரைப் போலவே ஊசி போட்டுக்கொண்ட ஒரு தலைமுறையே அமெரிக்காவில் இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் பெயரை இன்று யாருக்கும் தெரியாது.

விட்டவர்களின் பெயர்களோ எல்லோருக்கும் தெரியும். சாக்ஸபோன் கலைஞர் சானி ராலின்ஸ் 1955-ல் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் இருந்த அரசு மருத்துவமனையில் சேர்ந்து ஹெராயினை விட்டார். அடுத்த ஆண்டு ‘சாக்ஸபோன் கொலாசஸ்’ பதிவானது. மைல்ஸ் டேவிஸ் 1954 வாக்கில் ஹெராயினிலிருந்து மீண்டார். ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ 1959-ல் வந்தது. இன்னொரு சாக்ஸபோன் கலைஞரான ஜான் கோல்ட்ரேன் 1957-ல் விட்டார். ‘எ லவ் சுப்ரீம்’ பதிவானது 1964 டிசம்பரில். ஜாஸ் என்றால் முதலில் நினைவுக்கு வரும் மூன்று இசைத்தட்டுகளும் ஹெராயினை விட்ட பிறகு வந்தவை. போதையால்தான் கலை என்று பேசுகிறவர்கள் இந்த மூன்று தேதிகளுக்குப் பதில் சொல்லட்டும்.

பேக்கரின் வாழ்க்கையிலேயே ஒரு சாட்சி உண்டு. உங்கள் படம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. 1987-ல் அவர் ஜப்பான் போனார். அங்கே போதைப்பொருள் சட்டம் மிகக் கடுமை என்பதால் மெதடோனை மட்டும் வைத்துக்கொண்டு வாசித்தார். அந்த ஜூன் 14 அன்று டோக்கியோவில் பதிவான கச்சேரி கிடைக்கிறது. அவருடைய கடைசிக் காலத்தின் ஆகச் சிறந்த வாசிப்புகளில் ஒன்று என்று ரசிகர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். மூச்சு நீளமாக இருக்கிறது, ஸ்வரம் தெளிவாக இருக்கிறது, யோசனை அறுபடாமல் ஓடுகிறது. ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1988 மே 13 விடிகாலையில் ஆம்ஸ்டர்டாமில் தங்கியிருந்த ஹோட்டலின் ஜன்னலிலிருந்து விழுந்து தெருவில் இறந்துகிடந்தார். அறையிலும் உடம்பிலும் ஹெராயினும் கோக்கெய்னும் இருந்தன. வயது 58. டோக்கியோ கச்சேரியைக் கேட்ட பிறகு இந்தச் சாவை யாரும் கலைஞனுக்கேற்ற முடிவு என்று அழகுபடுத்த முடியாது. இன்னும் எவ்வளவோ வாசித்திருக்க வேண்டியவர் செத்துப்போனார், அவ்வளவுதான்.

உங்களிடம் எனக்கு ஒரு குறையும் உண்டு. அதை மறைத்துவிட்டு நன்றி சொன்னால் அது வெறும் புகழ்ச்சியாகிவிடும். ஜேன் என்ற பெண் இருந்ததில்லை. பேக்கரின் வாழ்க்கையில் வந்த சில பெண்களைச் சேர்த்து நீங்கள் உருவாக்கிய பாத்திரம் அவள். பேர்ட்லேண்டும் அப்படித்தான்: அந்த மன்றம் 1965-லேயே மூடப்பட்டுவிட்டது. டிஸ்ஸி கில்லெஸ்பி சொல்லி பேக்கர் நியூயார்க்கில் மீண்டும் மேடையேறியது 1973-ல், ‘ஹாஃப் நோட்’ என்ற இடத்தில். இடத்தையும் காலத்தையும் மாற்றியது கதைக்குத் தேவை என்று ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 1966-ல் அவருக்கு கேரல் என்ற மனைவி இருந்தார். மூன்று பிள்ளைகள் பெற்று வளர்த்தவர். முந்தைய மணத்தில் ஒரு மகனும் உண்டு. எழுந்து போக ஜேனால் முடிந்தது. பிள்ளைகளால் எழுந்து போக முடியாது. புரூஸ் வெபர் எடுத்து 1988-ல் வந்த ‘லெட்ஸ் கெட் லாஸ்ட்’ ஆவணப்படத்தில் கேரலும் பிள்ளைகளும் பேசுகிறார்கள். மகனாக அவர் ஏமாற்றம் தந்தாரா என்று கேட்கும்போது பேக்கரின் வயதான தாய் ஆமாம் என்று ஒப்புக்கொள்கிறார். உங்கள் படத்தைப் பார்ப்பவர்கள் அதையும் தேடிப் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு முழுமையாகும்.

ஆனாலும் குடும்பத்தின் கசப்பை நீங்கள் அறவே ஒதுக்கிவிடவில்லை. ஓக்லஹோமாப் பண்ணை வீட்டில் அப்பாவும் மகனும் பேசும் இடம் இருக்கிறதே! தோற்ற கிட்டார் கலைஞரான அப்பா, ஜெயித்த மகனிடம் ஒரு வார்த்தை பாராட்டிச் சொல்ல மாட்டார். அவன் பெண்பிள்ளை மாதிரிப் பாடுவதாகக் குத்திக்காட்டுவார். குடும்பப் பெயரைக் கெடுத்துவிட்டதாகச் சொல்வார். அந்தப் பழைய காயத்தால்தான் மகன் ஊசியைத் தேடினான் என்று நீங்கள் எளிய கணக்குப் போடவில்லை. பேர்ட்லேண்ட் ஒப்பனை அறையில் கை நடுங்குவதன் பின்னால் எத்தனை முகங்கள் நிற்கின்றன என்று மட்டும் காட்டினீர்கள்.

இதெல்லாம் எங்கேயோ அமெரிக்காவில் நடந்தது என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. எங்கள் ஊரிலும் கலைஞன் என்றால் குடிப்பான் என்று ஏற்றுக்கொண்டுவிட்டோம். கச்சேரி முடிந்ததும் சம்பளத்தில் பாதியைக் கடன் சொல்லிவிட்டு, புட்டியை மட்டும் உடனே எடுத்து நீட்டுகிற ஏற்பாட்டாளர்களை நான் அறிவேன். ‘ஒரு ரவுண்டு போட்டாத்தான் அண்ணனுக்கு வாசிப்பு வரும்’ என்று பெருமையாகச் சொல்லி ஊற்றிக் கொடுக்கும் ரசிகர்களை அறிவேன். அந்தக் கலைஞன் இறந்த பிறகு இரங்கல் கட்டுரையில் குடியை மேதைமையின் அடையாளமாக எழுதும் கைகளும் உண்டு. ஊற்றிக் கொடுத்தவர்கள் யாரும் காலையில் அவனைத் தூக்கிக் குளிப்பாட்ட வரமாட்டார்கள். மருத்துவமனையில் படுக்கைக்கு அருகில் உட்கார மாட்டார்கள். அவன் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட மாட்டார்கள்.

என் தம்பி இப்போது சிகிச்சையில் இருக்கிறான். மாத்திரை சாப்பிடுகிறான், ஆலோசகரைப் பார்க்கிறான். நடுவில் வழுக்கியிருக்கிறான், மறுபடி போயிருக்கிறான். வழுக்குவது இந்த நோயின் இயல்பு என்று மருத்துவர் சொன்னதை நாங்கள் புரிந்துகொள்ள நாளாயிற்று. உங்கள் படத்தை அவனோடு சேர்ந்து பார்த்தேன். முடிவில் அவன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “அந்தப் பொண்ணு போனது சரிதானே அக்கா?” சரிதான் என்றேன். அவன் தலையாட்டினான். பேக்கர் திருந்தி, ஜேனைக் கட்டிக்கொண்டு, கைதட்டலோடு படம் முடிந்திருந்தால் இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் எழுந்திருக்காது. அதனால்தான் அவரைக் காப்பாற்றிக் காட்டாமல் விட்டதற்கு நன்றி சொல்கிறேன். திரையில் அவர் காப்பாற்றப்படவில்லை என்பதால், வீட்டில் இருப்பவனைக் காப்பாற்ற வேண்டியது நாங்கள்தான் என்று எங்களுக்கு உறைத்தது.

கடைசியாக, இதைப் படிக்கும் தமிழ் வாசகர்களுக்கு. உங்கள் வீட்டில், உங்கள் குழுவில், உங்கள் ஊர்த் திருவிழா மேடையில் இப்படி ஒரு கலைஞர் இருக்கலாம். அவருடைய வாசிப்பைப் பாராட்டுங்கள், குடியைப் பாராட்டாதீர்கள். பேசிய சம்பளத்தைப் பணமாகக் கையில் கொடுங்கள், ஊற்றிக் கொடுக்காதீர்கள். போதை அடிமைத்தனம் மருத்துவம் பார்க்கக்கூடிய நோய். ஹெராயின் போன்ற பொருள்களுக்கு மெதடோன், பூப்ரினார்ஃபின் ஆகிய மருந்துகள் இந்தியாவிலும் மருத்துவர் மேற்பார்வையில் தரப்படுகின்றன. மதுவுக்கும் மருந்தும் ஆலோசனையும் உண்டு. பல ஆண்டு குடித்தவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்துவது உயிருக்கு ஆபத்தாகலாம், அதனால் மருத்துவரிடம் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற எண்ணை அழையுங்கள். போதை மீட்புக்காக மத்திய அரசு நடத்தும் கட்டணமில்லா உதவி எண் அது. பாதிக்கப்பட்டவர்தான் அழைக்க வேண்டும் என்றில்லை. அக்காவும் அழைக்கலாம், அம்மாவும் அழைக்கலாம். இன்றே அழையுங்கள்.


ஒரு ட்ரம்பெட் கலைஞனின் அக்கா